பெயரை மாற்றுவோரும் மாற்றுவிப்போரும்

கொழும்புத் தமிழரின் கலாசார மேடைகளில் அண்மைக்காலமாக ஒரு கண்டனம் வழமையாகிவிட்டது. வெள்ளவத்தையிற் பிறந்து வளரும் இளைஞர் தம் பெயர்களைச் சிதைக்கின்றனர். சிவகுருநாதன் ‘சிவா’ ஆகிறான், யாழினி ‘ஜாஸ்’ ஆகிறாள். இணையத்திலோ அதுவுமின்றி எவரும் அறியாத புனைபெயர் ஒன்றினுள் மறைந்துகொள்கின்றனர். பெயரைத் துறந்தவன் இனத்தையும் துறந்தவன் என்பதே அக்கண்டனத்தின் சாரம். கரகோஷமும் தப்பாது கிடைக்கிறது. ஆயினும் இக்கூற்று வரலாற்றுக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது. பெயரை மாற்றுபவன் ஒருவன், மாற்றுவிப்பது பிறிதொன்று. முன்னவன் கண்ணுக்குத் தெரிகிறான். ஆதலின் அவனைக் கடிதல் எளிது. பின்னையது பதிவேடாகவும் பொலிஸ் சோதனையாகவும் விண்ணப்பப் படிவமாகவும் வருகிறது. அதனை எதிர்த்து மேடையேறிப் பேசுவோரைக் காண்பது அரிது.

ஈழத்தமிழர் பெயர் என்றும் மாறாது நின்ற ஒரு தூயபொருள் என்னும் எண்ணத்தை முதலில் ஆராய்தல் தகும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் பெறாதோர் அரச உத்தியோகம் பெறுதலும், தம் விவாகத்தைச் சட்டப்படி பதிதலும், அதன்வழி பிள்ளைகளின் முதுசொத்துரிமையை உறுதிப்படுத்தலும் அரிதாயின. தோம்பிலே ஒரு பெயர், வீட்டிலே ஒரு பெயர் என்னும் இரட்டை வாழ்வு இவ்வாறுதான் வேரூன்றியது. நம்பிக்கையாற் பெயர் மாறியோரும் அக்காலத்தில் இருந்திருப்பர். எனினும் காணியும் உத்தியோகமும் ஒரு பெயரில் தங்கியிருக்குமிடத்து, நம்பிக்கை எது நிர்ப்பந்தம் எது எனப் பிரித்தறிதல் பதிவேட்டைப் பார்த்துச் செய்யக்கூடிய காரியமன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ பெயருக்கு விலையே நிர்ணயிக்கப்பட்டது. 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட அமெரிக்க மிஷன் செமினரியிலும் அதனைச் சார்ந்த விடுதிப் பாடசாலைகளிலும், ஒரு பிள்ளையின் பராமரிப்புக்கென அமெரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் பணமனுப்பிய புரவலருக்கு, அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடும் உரிமை அளிக்கப்பட்டது. கடல் கடந்து ஒருபோதும் பார்த்திராத ஒருவரின் பெயரை, அல்லது அவரது மறைந்த உறவினரின் பெயரை, வட்டுக்கோட்டைச் சிறுவன் சுமந்தான். ‘பாவலர் சரித்திர தீபக’த்தின் ஆசிரியர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, ‘நியாய இலக்கணம்’ எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான கரோல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் பெயர்களின் முற்பாதி இம்மரபினது.

விசுவநாதபிள்ளையுடன் பட்டம் பெற்ற தாமோதரம்பிள்ளையின் பெயர் இன்னும் நுணுகி நோக்கற்பாலது. ஆங்கில ஆவணங்களில் அவர் சார்ள்ஸ் வின்ஸ்லோ தாமோதரம்பிள்ளை. தமிழுலகு அறிந்ததோ சி. வை. தாமோதரம்பிள்ளையை. ‘சி’ சிறுப்பிட்டி என்னும் ஊர். ‘வை’ வைரவநாதர் என்னும் தந்தை. மிஷன் அளித்த இரண்டு ஆங்கில எழுத்துக்களின் ஓசையிலேயே ஊரையும் தந்தையையும் குடியேற்றிய இச்சாதுரியத்தை எவ்வகைத் துரோகம் என்பது? ‘வீரசோழிய’த்தையும் ‘கலித்தொகை’யையும் அச்சேற்றிய கை அது. பெயர்த்தூய்மையை அளவுகோலாகக் கொள்வோர் இம்மனிதரை எப்பட்டியலிற் சேர்ப்பர் என்று அறிய விரும்புவது தவறாகாது.

தாமே விரும்பிப் பெயர் மாற்றியோரும் உளர். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனம் 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் மயில்வாகனமல்லர், விபுலாநந்தரே. சேவியர் ஸ்ரனிஸ்லோஸ் தம் முன்னோரின் பெயரை மீட்டெடுத்துத் தனிநாயகமானார். தமிழகத்தில் வேதாசலம் மறைமலையானார். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞரானார். 1929இற் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் ஒட்டிநின்ற சாதிப்பட்டத்தை வெட்டியெறியத் தீர்மானித்தது. இவையெல்லாம் பெயர்மாற்றங்களே. இவற்றைப் பாராட்டும் அதே வாய், பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி தனக்கென ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ளும்போது மட்டும் ‘பெற்றோர் இட்டதை மாற்ற நீ யார்?’ என வினவுவது விந்தை. மயில்வாகனம் என்பதும் பெற்றோர் இட்ட பெயர்தான்.

பெயரைக் கொண்டு பற்றினை அளக்க முடியாது என்பதற்கு இந்நாட்டு அரசியல் போதிய சான்று தருகிறது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொணர்ந்த பிரதமரின் முழுப்பெயர் சொலமன் வெஸ்ற் றிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்க. நடுவிலுள்ள இரண்டும் அவரது ஞானத்தந்தையான பிரித்தானிய ஆள்பதியின் பெயர்கள். அச்சட்டத்தை எதிர்த்து நின்ற தமிழ்த் தலைவரோ சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். ஒருவர் பெயரிற் சிங்களம் அருகியே இருந்தது. மற்றவர் பெயரில் விவிலியமும் வேலும் அருகருகே இருந்தன. இருவரையும் அவர்தம் மக்கள் பெயர் பார்த்துத் தள்ளிவிடவில்லை. மறுபுறம், டொன் டேவிட் ஹேவாவிதாரண அநகாரிக தர்மபாலவாக மாறியமை சிங்கள மறுமலர்ச்சியின் பெருமைக்குரிய நிகழ்வாகவே போற்றப்படுகிறது. ஆக, பெயர்மாற்றம் என்பது தன்னளவில் பற்றுமன்று, துரோகமுமன்று. எவர் விருப்பால், எவர் அச்சத்தால், எவர் வசதிக்காக என்பதே வினா.

கொட்டாஞ்சேனையிலே இப்பிரச்சினை வேறொரு முகங்கொள்கிறது. அங்குள்ள ‘பெர்னாண்டோ’ ஒருவர் சிங்களவராயிருக்கலாம். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரதகுலத்தவராயிருக்கலாம். வீட்டிலே தமிழும் வெளியிலே சிங்களமும் பேசுபவராயிருக்கலாம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற அப்பெயர் எந்த இனத்துக்கும் சொந்தமன்று. கொழும்புச் செட்டிகளோ காசிச்செட்டி, கந்தப்பா, அசரப்பா முதலாம் பெயர்களுடன் ஐரோப்பியப் பெயர்களையும் ஒருங்கே சுமப்பவர். ‘தமிழ் புளூட்டாக்’ எழுதிய சைமன் காசிச்செட்டியின் பெயரிலேயே இரு உலகங்கள் உள. இவ்விரு சமூகத்தினரும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் தனித்தனி இனங்களாக எண்ணப்பட்டனர். பெயர் இனத்தைக் காட்டும் கண்ணாடி என்போர் சென் லூசியாஸ் பேராலயத்தைச் சூழ்ந்த வீதிகளில் ஒருநாள் உலாவி வருவாராக. கண்ணாடி அங்கே எதையும் காட்டாது.

ஆயினும், காட்டாத கண்ணாடியையே நம்பி உயிரெடுக்கவும் உயிர் காக்கவும் நேர்ந்த நகரம் இது. 1983 யூலையில் வாக்காளர் பட்டியல்கள் கலகக்காரரின் கைகளில் இருந்தன என்பது பல ஆய்வாளராற் பதிவு செய்யப்பட்ட உண்மை. வீட்டின் கதவிலக்கத்துக்கு நேரே அச்சிடப்பட்டிருந்த பெயரே தீயை அவ்வீட்டுக்கு அழைத்துவந்தது. வெள்ளவத்தையில் ஒரு வீடு எரிந்து அடுத்த வீடு எரியாமல் நின்றதற்குக் காரணம் அப்பட்டியலில் இருந்த சில எழுத்துக்கள். தேர்தலுக்கெனத் தொகுக்கப்பட்ட, குடிமகனின் உரிமைக்கு அத்தாட்சியான ஓர் ஆவணம் இவ்வாறு பயன்பட்டது. அதன்பின் எத்தனை குடும்பங்கள் வாயிலிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றின, எத்தனை தாய்மார் பிள்ளைகளைப் பேருந்திற் பெயர்சொல்லி அழைப்பதை நிறுத்தினர் என்பதற்குக் கணக்கு எதுவுமில்லை. பெயரை மறைத்த அம்மக்களை நோக்கி ‘இனத்தைத் துறந்தீர்’ என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

அது பழங்கதை என்பாரும் உண்டு. 2007 யூன் 7ஆம் திகதி விடியுமுன்னர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதிகளிலுள்ள லொட்ஜ்களிற் பொலிசார் புகுந்தனர். தங்கியிருந்த தமிழர் 370க்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் மறுநாளே இச்செயலைத் தடுத்தது. அன்றைய பிரதமர் பின்னர் வருத்தமும் தெரிவித்தார். வைத்தியத்துக்கு வந்தவர், கடவுச்சீட்டுக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர் என எவராயினும், அடையாள அட்டையிலிருந்த பெயரும் பிறந்த இடமும் அவரைக் குறித்துப் பேசி முடித்துவிட்டன. அவர் தாமே பேச இடமிருக்கவில்லை. 2019 ஏப்பிரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் பிறவிடங்களிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களின் பின்னர், இதே ஐயப் பார்வை முஸ்லிம் பெயர்களின் மீது திரும்பிற்று. அந்த வாரங்களில் தமிழ்ப் பெயருடையோர் சிலர் ஆறுதற் பெருமூச்சு விட்டதும் மறைக்கத்தக்கதன்று. நேற்றுத் தம்மைச் சுட்ட விரல் இன்று அயலவனைச் சுட்டுகிறது என்பதில் ஆறுதலடைய என்ன இருக்கிறது?

இந்த அச்சம் பெயரிடும் முறையையே மாற்றியமைத்துள்ளது. சிங்களவரிடையும் தமிழரிடையும் ஒருங்கே வழங்கும் ரொஷான், நிரோஷன் போன்ற பெயர்களைக் கொழும்புப் பெற்றோர் பலர் நாடியமைக்கு நாகரிக மோகம் மட்டுமே காரணமென்பது அரைகுறை விளக்கம். ஈற்றிலுள்ள ‘ன்’ என்னும் ஓரெழுத்தைக் கைவிட்டாற் சோதனைச் சாவடியில் ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்றிருந்த காலத்திற் பிள்ளை பெற்றோர் அவர்கள். இங்கே எந்தச் சட்டமும் பெயரை மாற்றுமாறு கட்டளையிடவில்லை என்பது மெய்யே. 1940இல் யப்பானிய ஆட்சி கொரிய மக்களை யப்பானியப் பெயர்களை ஏற்கவைத்தது. 1966இல் இந்தோனேசிய அரசு சீன வம்சாவளியினரின் பெயர்களை மாற்றத் தூண்டும் ஆணையை விதித்தது. 1984இன் இறுதியிற் பல்கேரிய அரசு துருக்கியச் சிறுபான்மையினரின் பெயர்களை வலிந்து மாற்றியது. அங்கெல்லாம் ஆணை இருந்தமையால் எதிர்ப்பதற்கும் ஒரு பொருள் இருந்தது. பல்கேரியாவில் ஆட்சி வீழ்ந்தபின் பெயர்களை மீட்கவும் வழி பிறந்தது. கொழும்பிலோ ஆணை இல்லை. ஆதலாற் பழி முழுவதும் பெற்றோர் தலையில் விழுகிறது. கட்டளையின்றியே கீழ்ப்படிவைப் பெறும் ஆட்சிக்கு இதனினும் மலிவான வழி கிடையாது.

இனிப் படிவங்களை நோக்குவோம். தமிழர்க்குப் பெயர் ஒன்றே. அதற்கு முன்னே தந்தையின் பெயர், அல்லது அதன் முதலெழுத்து. குடும்பப்பெயர் என்னும் ஐரோப்பிய வழக்கு தமிழரிடம் இல்லை. இது குறைபாடன்று, வேறொரு முறைமை. ஆனால் வங்கியும் விமானச்சீட்டும் இணையக் கணக்கும் ‘முதற்பெயர்’, ‘கடைசிப்பெயர்’ என இரு கட்டங்களை நீட்டுகின்றன. ‘கந்தையா சிவகுமார்’ என்பதில் இறுதியில் நிற்பது பிள்ளையின் பெயர். ஐரோப்பிய வழக்கிலோ அவ்விடம் குலப்பெயருக்குரியது. எனவே சிவகுமார் குடும்பமாகிவிடுகிறான், கந்தையா ஆளாகிவிடுகிறார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டுத் திரும்பிப் பார்க்கும் பெண்கள் எத்தனை பேர்! ஒற்றைப் பெயரே உடையோர்க்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர்க் கட்டத்தில் ‘எவ்.என்.யூ.’ என மூன்றெழுத்து இடப்படுவதுண்டு; ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பது அதன் விரிவு. பெயரைத் தெளிவாகச் சொன்னவருக்கே பெயர் தெரியவில்லை என்று எழுதிக் கொடுக்கும் விந்தையான நாகரிகம் இது.

இவ்விடத்தில் ‘உலகம் அப்படித்தான், இணங்கிப் போகவேண்டும்’ எனச் சமாதானங் கூறுவோர் ஐஸ்லாந்தை அறியார்போலும். சில இலட்சம் மக்களையே கொண்ட அந்நாட்டிற் பெரும்பாலார்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரோடு மகன் அல்லது மகள் என்னும் விகுதி சேர்கிறது. தொலைபேசிக் கோவைகூட மக்களின் சொந்தப் பெயர் வரிசையிலேயே தொகுக்கப்பட்டது. அவர்தம் வழக்கை ஐரோப்பா மதிக்கிறது. பன்மடங்கு பெருந்தொகையினரான தமிழரோ தம் வழக்கைப் பற்றி வெட்கத்துடன் விளக்கமளித்துக் கொண்டிருக்கின்றனர். பெயர்த்தூய்மை பேசும் அறிஞர் தம் வேகத்தை இளையோர்மீது செலுத்துவதை விடுத்து இப்படிவங்களின்மீது செலுத்தியிருப்பின், குறைந்தபட்சம் கொழும்பிலுள்ள வங்கிகளிலாவது ஒற்றைக் கட்டம் வந்திருக்கும்.

தலைப்பெழுத்தைத் தமிழ்ப் பண்பாட்டின் கொடியாகப் போற்றுவோர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். அவ்வெழுத்துத் தந்தையினது, தாய்க்கு அங்கே இடமில்லை. திருமணத்தின் பின் பெண்ணுக்கு அது கணவனுடையதாகிறது; படித்த பட்டத்திலே ஒரு பெயர், சம்பளச் சீட்டிலே ஒரு பெயர், பிள்ளையின் பாடசாலைப் பதிவிலே ‘திருமதி’ என்னும் முன்னொட்டுடன் கணவனின் பெயர் மட்டும். தமிழ்ப்பெண் ஒருத்தி ஆயுளில் ஒருமுறையாவது பெயர் மாற்றுகிறாள். அதனைத் துரோகமென்று ஒரு மேடையும் கண்டித்ததில்லை. ஆகக் கண்டிக்கப்படுவது பெயர்மாற்றமன்று, கேளாமற் செய்த பெயர்மாற்றமே.

இணையத்தில் இளையோர் பூணும் பெயர்களைப் பற்றிய குற்றச்சாட்டு எஞ்சுகிறது. முகநூலிலும் பிறவிடங்களிலும் மெய்ப்பெயரின்றி எழுதுவது கோழைத்தனம் என்கின்றனர். இவ்வாறு கூறும் இலக்கியவாதிகளிற் சிலர் புனைபெயரால் அறியப்பட்டவர் என்பது ஒருபுறமிருக்கட்டும். ஈழத்து இலக்கியத்தில் மூன்று சிவஞானசுந்தரங்கள் புகழ்பெற்றனர். த. சிவஞானசுந்தரம் இலங்கையர்கோன், செ. சிவஞானசுந்தரம் நந்தி, சி. சிவஞானசுந்தரம் ‘சிரித்திரன்’ சுந்தர். மூவரையும் வேறுபடுத்தியறிய உதவுவது பெற்றோர் இட்ட பெயரன்று, அவர்களே தேர்ந்துகொண்ட பெயர். உருத்திரமூர்த்தி தமக்குத் தாமே ‘மஹாகவி’ எனப் பெயர் சூட்டிக்கொண்டபோது சிலர் நகைத்திருக்கலாம். இன்று அப்பெயர் அவர்க்குப் பொருந்தாது என்பாரில்லை. ஒருவன் தான் ஆக விரும்புவதை முன்கூட்டியே பெயராக்கிக்கொள்ளுதல் இலக்கியத்திற் கற்பனை வளமாகவும் கைத்தொலைபேசியிற் குற்றமாகவும் எவ்வாறு இருத்தல் கூடும்?

மெய்ப்பெயர் என்று வற்புறுத்திய நிறுவனங்கள் கண்ட பயனும் தெரிந்ததே. 2011இற் கூகிள் பிளஸ் மெய்ப்பெயரைக் கட்டாயமாக்கிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2014இல் அவ்விதியைக் கைவிட்டது. 2011இலேயே முகநூல், எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் கணக்கை முடக்கியது. கடவுச்சீட்டிலுள்ள ‘அஹ்மட்’ என்னும் பெயரைத்தான் அவர் பாவிக்கவேண்டுமாம். அவர் பகிரங்கமாக எள்ளிய பின்னரே பெயர் திரும்பக் கிடைத்தது. அமெரிக்கப் பழங்குடியினர் சிலரின் மெய்யான பெயர்களே ‘மெய்ப்பெயரல்ல’ எனத் தள்ளப்பட்டன. உலகறிந்த எழுத்தாளர்க்கு ஒரு நாளில் நீதி கிடைக்கும். கொட்டாஞ்சேனைத் தையற்காரரின் மகளுக்குக் கிடைக்குமா? அவள் தன் மணவாழ்வுக் கொடுமையையோ, வேலைத்தலத்து அவமதிப்பையோ, சாதி பற்றிய ஒரு கேள்வியையோ எழுதவேண்டுமாயின் புனைபெயரே அவளுக்குரிய கதவு. இந்நாட்டில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, போலிக் கணக்குகளுக்கு எதிரான ஏற்பாடுகளும் அதில் இடம்பெற்றன. ஏமாற்றுவோரைத் தண்டிப்பதில் எவருக்கும் மறுப்பில்லை. எனினும் வாக்காளர் பட்டியல் எதற்குப் பயன்பட்டது என்பதை அறிந்த ஒரு சமூகம், ஒவ்வோர் எழுத்துக்கும் மெய்ப்பெயரைக் கோரும் குரலுடன் தன் குரலையும் சேர்ப்பதற்குமுன் சற்றே தயங்கவேண்டாமா?

கண்டிக்கத்தக்கது ஒன்றுமே இல்லையென்பதன்று வாதம். எண்சோதிடங் கூறுபவர் சொற்படி பெயரின் நடுவே தேவையற்ற ஆங்கில எழுத்துக்களை நுழைத்து, அதற்குப் பணமும் கொடுத்து, பின்னர் பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதற்கு அலுவலகம் அலுவலகமாக அலையும் பெற்றோர் வெள்ளவத்தையிற் குறைவல்லர். பொருள் யாதென்று இட்டவருக்கே தெரியாத, ‘ஷ’வும் ‘ஜ’வும் மலிந்த ஒலிக்கூட்டங்களைப் பெயரென்று வழங்குவதும் நகைப்புக்குரியதே. ஆனால் இதுவும் மடமையே அன்றித் துரோகமன்று. அக்காரியத்தைச் செய்வோரும் பெரும்பாலும் மேடையில் முன்வரிசையில் அமரும் பெரியவர்களே. பேரப்பிள்ளைக்குக் கூட்டெண் பார்த்துப் பெயரிட்டுவிட்டு, அப்பிள்ளை வளர்ந்து அதனைச் சுருக்கும்போது பண்பாடு அழிகிறதென்று புலம்புதல் முறையாகுமா?

தொழிற்சந்தையும் இக்கணக்கில் வரவேண்டும். ஒரே தகைமையுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பி அமெரிக்க நகரங்கள் இரண்டில் நடத்தப்பெற்று 2004இல் வெளியான ஆய்வொன்றில், வெள்ளையர்க்குரியனவாகத் தோன்றும் பெயர்கள் கறுப்பினத்தவர்க்குரியனவாகத் தோன்றும் பெயர்களைவிட 50 சதவீதம் கூடுதலான அழைப்புக்களைப் பெற்றன. கொழும்பு நிறுவனங்களில் அத்தகைய ஆய்வு நடத்துவதற்கு இப்பல்கலைக்கழகத்தின் சமூகவியல், பொருளியல் மாணவர்க்குத் தடையேதுமில்லை. விண்ணப்பத்தாளில் தமிழ்ப்பெயர் எவ்வளவு நேரம் மேசைமேற் காத்திருக்கிறது என்பது வெளிப்படுமாயின், பெயரைச் சுருக்கிய இளைஞனிடம் கேட்கப்படும் கேள்விகள் அந்நிறுவனங்களிடம் கேட்கப்படலாம். அதுவரை, மாணவர் பதிவுப் படிவத்தில் ‘முழுப்பெயர்’ எனவும் ‘அழைக்க விரும்பும் பெயர்’ எனவும் இரு வரிகளை மட்டும் வைத்து, முதற்பெயர், கடைசிப்பெயர் என்னும் கட்டங்களை நீக்குமாறு தமிழ்ச் சங்கம் பல்கலைக்கழக நிர்வாகத்தைக் கோரலாம். தாயின் பெயரின் முதலெழுத்தை இட விரும்புவோர்க்கும் அப்படிவத்தில் வழி இருத்தல் வேண்டும்.